ஆண்டுதோறும் கேஸ் போட்ட வீடு: சத்துவாச்சாரி ஏசி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஏசிக்கு ஆண்டுக்கொரு முறை கேஸ் போட வேண்டும் என்பது வேலூரில் கிட்டத்தட்ட பஞ்சாங்கத்தில் ஏறிவிட்ட விஷயம். பங்குனி பிறந்ததும் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவர் கேஸ் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டிப் பார்த்து, கேஸ் குறைந்திருக்கிறது என்பார். காசு கைமாறும். கத்திரி வெயில் தொடங்கியதும் அறை மறுபடியும் குளிராமல் போகும். அடுத்த பங்குனியில் அதே மெக்கானிக், அதே மீட்டர். ஏசி பழுது பார்ப்பவனாகிய நான் இங்கே எழுதுவது அப்படி ஒரு வீட்டைப் பற்றி. ஏசி, ஏர்கூலர், கீசர் ஆகிய மூன்றையும் பற்றி ஊரில் உலவும் தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே வீட்டில் கூடியிருந்தன. அதைவிட முக்கியம், அந்த வீட்டார் அலட்சியக்காரர்கள் அல்லர். இயந்திரத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர்கள். அப்படிப் பார்த்துக்கொண்டதில்தான் கோளாறின் பாதி இருந்தது.

வீடும் இயந்திரமும்

சத்துவாச்சாரியில் மலையடிவாரத்தை ஒட்டிய தெரு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும் வசிக்கும் மாடி வீடு. ஏசி இருப்பது மாடியில், மேற்குப் பார்த்த படுக்கையறையில். அறையின் அளவு பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி. தலைக்கு மேல் வெறும் கான்கிரீட் தளம், அதன்மேல் தட்டோடு கிடையாது. வேலூரில் மே மாத வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது யாருக்கும் செய்தியே அல்ல. சுற்றிலும் பாறைக் குன்றுகள். பகலில் குடித்த வெயிலை அவை பொழுது சாய்ந்த பிறகுதான் திருப்பித் தரத் தொடங்கும். இந்த வீட்டின் மொட்டை மாடியில் இரவு எட்டு மணிக்கும் வெறுங்காலோடு நிற்க முடியாது.

இயந்திரம் 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. ஸ்பிளிட் என்றால் அறைக்குள் ஒரு யூனிட், வெளியே ஒரு யூனிட். இன்வெர்ட்டர் என்றால், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் வேகம் தேவைக்கேற்ப மாறும் வகை. உள்ளே ஓடுவது ஆர்-32 என்ற குளிரூட்டும் கேஸ். வாங்கி ஐந்தாண்டு ஆகிறது. 1.5 டன் என்பது இயந்திரத்தின் எடை அல்ல. மணிக்கு 18,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது ஏறத்தாழ 5.3 கிலோவாட் அளவு வெப்பத்தை அறையிலிருந்து எடுத்து வெளியே கொட்டும் திறன். ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தைத் தூக்கி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். கொட்டுவதற்கு இடம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதே இந்த ஆய்வின் பெரும்பகுதி.

புகார்

"தம்பி, புது ஏசி வாங்குவது என்று முடிவு செய்தாகிவிட்டது. வாங்குவதற்கு முன் இதில் உயிர் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்," என்றார் தலைமையாசிரியர் ஐயா. கடைசியாக வந்த மெக்கானிக், இந்த அறைக்கு 1.5 டன் போதாது, 2 டன் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

புகார்கள் மூன்று. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை அறை குளிர்வதே இல்லை. நள்ளிரவுக்கு மேல் நன்றாகக் குளிர்கிறது. ஆனால் விடியற்காலையில் உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் கட்டில்மேல் சொட்டுகிறது, சில நாட்களில் பனிக்கட்டியும் தெரிகிறது. மூன்றாவது, மின்கட்டணம். இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பது தமிழ்நாட்டில் எல்லா வீட்டாரும் அறிந்தது. இந்த வீடு கோடையில் அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தது.

"வருடம் தவறாமல் கேஸ் போடுகிறோம். வாரம் தவறாமல் ஃபில்டரை நான்தான் கழுவுகிறேன். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்?" என்று அம்மா கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது.

ஐயா எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். எந்தத் தேதியில் கேஸ் போட்டது, எவ்வளவு கொடுத்தது, எத்தனை யூனிட் ஓடியது, எல்லாம் நீல மையில் வரிசையாக இருந்தன. இரண்டாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு சித்திரையிலும் கேஸ். இந்த ஆண்டு இரண்டு தடவை. பழுது பார்ப்பவனுக்கு இப்படி ஒரு நாட்குறிப்பு கிடைப்பது வரம். ஆனால் ஒரு தகவல் அதில் எங்குமே இல்லை: எத்தனை கிராம் போட்டார்கள் என்பது.

கேஸ் எங்கே போகிறது?

ஏசியில் உள்ள கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய செப்புக் குழாய்ச் சுற்றில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அறைக்குள் இருக்கும் காயிலில், அதாவது மடித்து மடித்து அடுக்கிய குழாயில், திரவ நிலையிலிருந்து ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளியே இருக்கும் காயிலில் மறுபடி திரவமாகி அந்த வெப்பத்தை விட்டுவிடுகிறது. தொழிற்சாலையில் நிரப்பிய கேஸ் இயந்திரத்தின் ஆயுள் முழுவதற்கும் போதும். குறைந்திருக்கிறது என்றால் ஒரே காரணம்தான், எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் போடுவது பராமரிப்பில் சேராது. போட்ட கேஸ் அதே வழியில் மறுபடி வெளியேறும். ஆர்-32 ஓசோன் படலத்துக்குத் தீங்கு செய்யாது என்றாலும் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல நூறு மடங்கு வலிமையானது. அதை ஆண்டுதோறும் காற்றில் கலக்கவிட்டு அதற்குக் காசும் கொடுப்பது என்ன கணக்கு என்று தெரியவில்லை.

ஆக, நாட்குறிப்பைப் படித்த அளவிலேயே கசிவு உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் கசிவு மட்டும்தான் நோய் என்றால், கேஸ் போட்ட மறுநாளாவது பிற்பகலில் அறை குளிர்ந்திருக்க வேண்டுமே. போட்ட மூன்றாம் நாள் பிற்பகலில், 'பலன் இல்லை' என்று ஐயா எழுதியிருந்தார். அதனால் மீட்டரைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு வெளி யூனிட்டைப் பார்க்கப் போனேன். கேஸ் வால்வைத் திறப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். அதை முதல் வேலையாகச் செய்வதால்தான் பாதிக் குழப்பமும் வருகிறது.

வெளி யூனிட்

வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவுக்குச் சந்து. அதில் சுவரில் அடித்த ஸ்டாண்டின்மேல் வெளி யூனிட். வெயில் படக்கூடாது என்று மேலே தகரம். மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவந்து குழாயின் கறுப்பு உறையைப் பிய்த்துப் போடுகின்றன என்று சுற்றிலும் இரும்புக் கூண்டு. புறா நுழையாமலிருக்கக் கூண்டின்மேல் கொசுவலை அளவுக்குச் சின்னக் கண் கொண்ட வலை. பக்கத்தில் மடித்து வைத்த பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று; ஐப்பசி மழையில் நனையாமல் யூனிட்டைச் சுற்றிக் கட்டுவதற்காம். போதாததற்குச் சுவரோரம் ரப்பர் குழாய். தினமும் பிற்பகலில் யூனிட்டின்மேல் போர்வெல் தண்ணீர் தெளிப்பது ஐயாவின் வழக்கம்.

வலையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். காயிலின் பின்பக்கத்தில் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நிற்க வேண்டிய அலுமினியத் தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. புழுதியும் பஞ்சும் சேர்ந்து போர்வையாகப் படர்ந்திருந்தது. அதன்மேல் வெள்ளை வெளேரென்று உப்பு. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்புப் பொறுக்கு போலப் பெயர்ந்தது. தெளித்த தண்ணீர் ஆவியாகிவிட்டது, அதிலிருந்த உப்பு தகடுகளிலேயே தங்கிவிட்டது. பாலாற்றுப் படுகை ஊர்களில் போர்வெல் தண்ணீரின் உப்பைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். அந்தக் கழிவு எட்டாத இடங்களிலும் இங்கே கடினநீர் சாதாரணம். நல்ல தண்ணீரால் எப்போதாவது கழுவுவது வேறு; உப்புத் தண்ணீரைத் தினமும் சூடான காயிலில் தெளிப்பது வேறு.

பிறகு வெப்பமானியை எடுத்தேன். தெருவில் நிழலில் 41 டிகிரி. கூண்டுக்குள், காயில் இழுக்கும் காற்றின் வெப்பம் 52. விசிறி ஊதும் சூடான காற்று எதிர்மதிலில் மோதி, மேலே தகரம் தடுப்பதால் ஏற வழியின்றி, வலை தடுப்பதால் கலையவும் வழியின்றி, சுற்றி வந்து அதே காயிலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. தான் விட்ட மூச்சையே யூனிட் மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது என்று ஐயாவிடம் சொன்னேன்.

இந்த இடத்தில்தான் முந்தைய மெக்கானிக் வழிதவறியிருக்கிறார். மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 4 ஆம்பியருக்குச் சற்று மேல்தான் ஓடியது. பழைய சாதாரண ஏசியில், ஆம்பியர் குறைந்தால் கேஸ் குறைவு என்று ஊகிப்பது ஓரளவு பொருந்தும். இன்வெர்ட்டர் ஏசியில் அது பொருந்தாது. வெளி யூனிட் அளவுக்கு மீறிச் சூடானால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதன் மின்பலகையே கம்ப்ரசரின் வேகத்தைக் குறைத்துவிடும். வேகம் குறைந்தால் ஆம்பியரும் குறையும், குளிர்ச்சியும் குறையும். இந்த நிலையில் கேஸ் அழுத்தத்தைப் பார்த்தாலும் பயனில்லை. கம்ப்ரசரின் வேகத்துக்கு ஏற்ப அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இன்வெர்ட்டர் ஏசியில் மீட்டரின் முள்ளை மட்டும் நம்பிக் கேஸ் போடுவது குத்துமதிப்பு வேலை.

கேஸைத் தொடாமலே சோதித்துப் பார்க்க வழி இருந்தது. தகரத்தைக் கழற்றினோம், வலையைக் கிழித்தெடுத்தோம், கூண்டின் கதவைத் திறந்துவிட்டோம். அரை மணி நேரத்தில் காயிலுக்குள் நுழையும் காற்று 44 டிகிரிக்கு இறங்கியது. ஆம்பியர் ஆறைத் தாண்டியது. உள் யூனிட் இழுக்கும் காற்றுக்கும் ஊதும் காற்றுக்கும் இருந்த வித்தியாசம் 6 டிகிரியிலிருந்து 9 ஆயிற்று. "வெயிலை அல்லவா உள்ளே விட்டுவிட்டீர்கள், அப்புறம் எப்படிக் குளிர்கிறது?" என்று ஐயா கேட்டார். வெளி யூனிட்டுக்கு நிழல் நல்லதுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் நிழலால் வரும் லாபம் சில்லறை. காற்றை அடைத்தால் வரும் நஷ்டம் மொத்தம்.

ஃபிளெக்ஸ் பேனர் விவகாரமும் இதே வகை. வெளி யூனிட் மழையில் நனைவதற்கென்றே செய்யப்பட்டது. பேனரைச் சுற்றிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கித் துரு பிடிக்கும், எலி கூடு கட்டும், மின்கம்பியைக் கடிக்கும். இங்கே எலி வரவில்லை, துரு வந்திருந்தது.

உள் யூனிட்

அம்மா கழுவிய ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வலை தடுப்பது பெரிய தூசியை மட்டும்தான். சமையலறை எண்ணெய்ப் புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, நுண்ணிய புழுதி எல்லாம் அதைத் தாண்டிப் போய்விடும். தாண்டிப் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் இரண்டு: காயிலின் உட்பக்கம், அதற்குக் கீழே உருளை வடிவில் சுழலும் ப்ளோயர்.

காற்று வரும் வாய்க்குள் டார்ச் அடித்தால் ப்ளோயரின் இறகுகள் தெரியும். ஒவ்வோர் இறகும் கரண்டிபோல் குழிந்து காற்றை வாரித் தள்ள வேண்டும். இங்கே குழிவெல்லாம் கறுப்பாக, ஈரமாக, அழுக்கு நிறைந்து மேடிட்டிருந்தது. சுழல்கிறது, சத்தமும் வருகிறது, காற்றுதான் பாதியளவே வருகிறது. யூனிட்டின் கீழே பிளாஸ்டிக் உறையைக் கட்டி, மின்பலகையை மூடிவிட்டு, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினோம். வாளியில் விழுந்த தண்ணீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்ததை அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபில்டர் கழுவுவது வீட்டார் செய்ய வேண்டிய வேலை, அதை விடக்கூடாது. ஆனால் அதோடு சர்வீஸ் முடிந்துவிடாது. இந்த அளவு கழுவல் ஆண்டுக்கு ஒரு முறையாவது, வாகனப் புழுதி அதிகமுள்ள தெருக்களில் இரண்டு முறையாவது தேவை.

வெளிக் காயிலையும் கழுவினோம். அதில் எச்சரிக்கை வேண்டும்: ஜெட் பம்பைக் கிட்டே வைத்துச் சாய்வாக அடித்தால் அலுமினியத் தகடுகள் படுத்துக்கொள்ளும், பிறகு எந்தக் காற்றும் போகாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆசிடை ஊற்றிக் கழுவுபவர்களும் உண்டு. உப்பு போய்விடும், கூடவே தகடும் போய்விடும்.

பனிக்கட்டிக்கு வருவோம். உள்காயிலின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போனால் அதில் படியும் ஈரம் உறையும். அப்படிப் போவதற்குப் பெரும்பாலும் காரணங்கள் இரண்டு: காயிலைக் கடக்கும் காற்று குறைவது, கேஸ் குறைவது. இந்த வீட்டில் இரண்டும் இருந்தன. பகலில் கம்ப்ரசர் மெதுவாக ஓடியதால் உறையவில்லை. இரவில் வெளியே சூடு தணிந்து கம்ப்ரசர் வேகம் எடுத்ததும் உறைந்தது, விடியலில் உருகிச் சொட்டியது. பனி பிடித்தால், 'ஆகா, குளிர்ச்சி பலமாக இருக்கிறது' என்று மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பனி பிடித்த காயில் வழியே காற்றே போகாது, அறை சூடேறும்.

தண்ணீர் சொட்டியதற்கு இன்னொரு உதவியும் இருந்தது. ஏசி குளிரவில்லை என்ற தவிப்பில், கீழ்த்தளத்து ஏர்கூலரைத் தூக்கிவந்து ஏசியோடு சேர்த்து அதே அறையில் ஓட்டியிருக்கிறார்கள். கூலர் தண்ணீரைக் காற்றில் ஏற்றுகிறது. ஏசி அதே தண்ணீரைக் காற்றிலிருந்து பிரித்து வெளியே அனுப்பப் பாடுபடுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின, மின்கட்டணம் இருவருக்கும் சேர்த்து வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், வேலூர்க் கோடைக்கு ஏர்கூலர் அருமையான சாதனம். இங்கே ஏப்ரல், மே பிற்பகல்களில் காற்று வறண்டிருக்கும். தண்ணீர் சட்டென்று ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். கடற்கரைச் சென்னையில் இந்த அளவு பலிக்காது. ஆனால் கதவு, ஜன்னல்களை அடைத்துவிட்டுக் கூலர் ஓட்டினால் சிறிது நேரத்தில் அறை புழுங்கத் தொடங்கும். கூலருக்கு எதிரில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஏசிக்கு அடைத்திருக்க வேண்டும். இந்த எளிய வேறுபாடு பல வீடுகளில் தலைகீழாகக் கிடக்கிறது.

கசிவு

கழுவி முடித்து, காற்றோட்டம் சரியான பிறகுதான் கேஸ் பக்கம் போனோம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினோம். வெளி யூனிட்டின் வால்வில் பெரிய குழாயின் விரித்த வாயை இறுக்கிப் பிடிக்கும் ஃபிளேர் நட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏற்கெனவே தெரிந்தது. கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் கசிந்தால் அப்படித்தான் இருக்கும். நுரையில் ஒரு குமிழ், சற்றுப் பொறுத்து இன்னொரு குமிழ். அவசரப்பட்டுத் துடைத்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

கேஸை மீட்பு சிலிண்டரில் இறக்கி எடை போட்டோம். யூனிட்டின் பெயர்ப்பலகையில் 0.95 கிலோ என்றிருந்தது, கிடைத்தது 0.6 கிலோ அளவு. நட்டைக் கழற்றினால் செப்புக் குழாயின் விரிந்த வாய் ஓரத்தில் மெல்லிய விரிசல். நட்டை அளவுக்கு மீறி முறுக்கியதன் விளைவு. கசிந்தால் இன்னும் கொஞ்சம் முறுக்கு என்பது நம் தொழிலில் பரவலான பழக்கம். முறுக்க முறுக்கச் செம்பு மெலிந்து பிளக்கும். அந்த முனையை வெட்டி, புதிதாக வாய் விரித்து, அளவோடு முறுக்கும் டார்க் ஸ்பேனரால் பூட்டினோம்.

அடுத்து நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தோம். நைட்ரஜன் சிலிண்டர் கையில் இல்லையென்று ஆக்ஸிஜனை ஏற்றிச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே எண்ணெய் இருக்கும் குழாயில் அழுத்தமான ஆக்ஸிஜன் வெடிக்கும். உயிர்ப்பலி வாங்கும் வேலை அது. ஆர்-32 தானும் இலேசாகத் தீப்பிடிக்கக்கூடிய கேஸ், அது குழாயில் இருக்கையில் நெருப்பு வைக்கக்கூடாது. நைட்ரஜன் நின்றது. பிறகு வாக்யூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்தோம். தராசில் சிலிண்டரை வைத்து, பலகையில் எழுதிய எடைக்குக் கேஸ் நிரப்பினோம். இந்த எடையை ஐயா நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். இனி யாராவது கேஸ் குறைவு என்றால், எத்தனை கிராம் குறைவு என்று அவரால் கேட்க முடியும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. யூனிட்டுக்கு நேர்கீழே கழிவுநீர் வாய்க்கால், மூடி உடைந்திருந்தது. சாக்கடையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பைக் கறுக்கச் செய்து மெல்ல அரிக்கும். வால்வு அருகே குழாய் ஏற்கெனவே கறுத்திருந்தது. இன்றைய ஓட்டை அதனால் வந்ததல்ல. நாளைய ஓட்டை வரலாம்.

முந்தைய மெக்கானிக்கை ஏமாற்றுக்காரர் என்று ஐயா திட்டத் தொடங்கினார். நான் அதற்கு உடன்படவில்லை. சித்திரை, வைகாசியில் ஒரு மெக்கானிக்குக்கு ஒரே நாளில் வரும் அழைப்புகளை எண்ணிப் பாருங்கள். முழுதாகக் கழுவ அரைநாள் ஆகும், அதற்குச் சில நூறு ரூபாய் கேட்டாலே வீட்டார் முகம் சுளிப்பார்கள். கேஸ் போட அரை மணி நேரம், இரண்டாயிரத்துக்கு மேல் கேட்டாலும் மறுபேச்சு இல்லாமல் கொடுப்பார்கள். எந்த வேலைக்கு மரியாதை தருகிறோமோ அந்த வேலைதான் நமக்குக் கிடைக்கும். வேலை குறைவாக இருக்கும் மாசியில் கூப்பிட்டால் அதே மெக்கானிக் நிதானமாகக் கழுவித் தருவார்.

மற்ற சந்தேகங்கள்

2 டன் வாங்கியிருந்தால்? அதே சந்தில், அதே தகரத்தின் கீழ், இன்னும் அதிக வெப்பத்தைக் கொட்டி இன்னும் சீக்கிரம் திணறியிருக்கும். இந்த அறைக்குப் பெரிய ஏசியைவிடத் தளத்தின்மேல் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சோ தட்டோடோ அதிகம் உதவும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலை வெயிலை உள்ளே விட்ட பிறகுதான் தடுக்கிறது.

ரிமோட்டில் 16 வைத்தால் சீக்கிரம் குளிருமா? பழைய வகை ஏசியில் துளியும் வித்தியாசம் இல்லை, கம்ப்ரசருக்குத் தெரிந்தது ஒரே வேகம். இன்வெர்ட்டரில் தொடக்கத்தில் கொஞ்சம் வேகம் கூடலாம், பிறகு தேவையில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020 தொடக்கத்திலிருந்து விற்கப்படும் நட்சத்திரக் குறியிட்ட ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் அதனால்தான் வந்தது. 25-இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் போதும். ஏசி ஓடும்போது மின்விசிறி போடக்கூடாது என்று அம்மா நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் இல்லை.

ஸ்டெபிலைசர் தேவையா என்பதற்கு ஏசியின் மேலுள்ள பலகையில் விடை இருக்கும். எந்த வோல்டேஜ் வரை தாங்கும் என்று அதில் எழுதியிருப்பார்கள். தெருவின் மாலை நேர வோல்டேஜ் அதற்குள் இருந்தால் வேண்டாம்.

கீசர்

புறப்படும் நேரத்தில், "குளியலறைக் கீசரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அதில் காயில் போய்க்கொண்டே இருக்கிறது," என்றார் அம்மா. வீட்டைச் சூடாக்கும் சாதனம் வேலூருக்குத் தேவையில்லை. ஏலகிரியில் வீடு வைத்திருப்பவர்கள்கூட மார்கழியில் கம்பளியோடு சமாளித்துவிடுவார்கள். நம் பக்கம் சூடு என்றால் வெந்நீர்தான்.

கீசரில் உப்பு படிந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும் என்று ஊரெங்கும் சொல்கிறார்கள். இது பெரும்பாலும் தவறு. அம்மா காயில் என்று சொன்ன 2 கிலோவாட் எலிமென்ட், அதாவது சூடேற்றும் கம்பி, தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. உப்பு மூடினாலும் அது தரும் வெப்பம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போக வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 18 நிமிடம் ஆகும் என்பது கணக்கு. உப்பு படிந்த கீசரிலும் அது பெரிதாக மாறாது. உப்பு கெடுப்பது எலிமென்ட்டை. மேலே ஓடு மூடிக்கொண்டதும் வெப்பம் வெளியேறத் தாமதமாகி எலிமென்ட் உள்ளுக்குள் அளவுக்கு மீறிக் காய்ந்து கருகிவிடும். கீசர் கடகடவென்று சத்தம் போடுவது அந்த ஓட்டுக்கு அடியில் தண்ணீர் கொதிப்பதால்.

பிரித்துப் பார்த்தபோது அடியில் கைப்பிடி கைப்பிடியாகச் சுண்ணாம்பு. இரண்டு முறை எலிமென்ட் மாற்றியவர்கள் இதை வாரி எடுக்காமலே புதியதை அதற்குள் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தொட்டி அரிக்காமலிருக்கத் தன்னையே கரைத்துக்கொள்ளும் மெக்னீசியத் தண்டு ஒன்று கீசருக்குள் உண்டு. அது இருந்த இடத்தில் கம்பி மட்டும் மிச்சம். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்த வீட்டுப் போர்வெல்லின் நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்பே செய்ய முடிந்தது ஒன்று: தெர்மோஸ்டாட்டை உச்சத்திலிருந்து 50-க்கும் 55-க்கும் நடுவே இறக்கினோம். சூடு ஏற ஏறத்தான் சுண்ணாம்பு அதிகம் பிரியும்.

பிறகு

வெளி யூனிட்டை மொட்டை மாடியின் வடக்கு ஓரத்தில் உயரமான ஸ்டாண்டில் மாற்றி வைத்தோம். குழாயின் நீளம் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குள் அடங்கியது. குரங்குக்காகக் கூண்டு உண்டு. ஆனால் கம்பிகளுக்கு நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி, காற்று ஊதும் பக்கம் மூன்றடி காலி. சாக்கடை நாற்றத்திலிருந்தும் விலகிவிட்டது.

கத்திரி முடிவதற்குள் ஒரு பிற்பகலில், வெளியே 41 டிகிரி இருக்கையில் அளந்தபோது உள்ளே இழுக்கும் காற்றுக்கும் ஊதும் காற்றுக்கும் 11 டிகிரி வித்தியாசம். அறை 25-இல் நின்றது. பனி பிடிக்கவில்லை. அடுத்த மின்கணக்கெடுப்பில் 500 யூனிட்டுக்குள் அடங்கியது என்று ஐயா தொலைபேசியில் சொன்னார். அதில் எவ்வளவு இந்த வேலையால் வந்தது, எவ்வளவு ஜூன் மாத மாலை மழையால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த மே மாதக் கணக்கோடு ஒப்பிட்டால் தெளிவாகும்.

இரண்டு வேலைகள் மிச்சம். தளத்துக்கு வெள்ளைப் பூச்சு, மழைக்காலம் முடிந்து தை மாதத்தில். கீசருக்குப் புதிய மெக்னீசியத் தண்டு கடையில் சொல்லி வைத்தாயிற்று. வந்ததும் மாட்ட வேண்டும், இரண்டாண்டுக்குள் மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும். தேதியை ஐயா குறித்துக்கொண்டார்.